மூன்றாம் கூப்பாடு

இந்தப் பட்டறையில் சேர்ந்த அன்றைக்கே உங்களுக்கு ஒரு சட்டம் சொல்லியிருப்பார்கள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்கே 'ஓம்' என்று பதில் குரல் கொடுக்கவேண்டும். சக்கரத்தில் சட்டி பாதியில் நின்றாலும் சரி, வாய் நிறைய வெற்றிலை இருந்தாலும் சரி, கூப்பிடுகிற ஆளோடு காலையில்தான் சண்டை பிடித்திருந்தாலும் சரி. சட்டி கோணினால் மண்ணைத் திரும்பப் பிசைந்துகொள்ளலாம். நீங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. போன கிழமை ஒருத்தி கழிப்பறைக்குள் இருந்தே 'ஓம், ஓம்' என்று கத்தி எல்லாரையும் சிரிக்கவைத்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் செய்ததுதான் சரி.

இந்த மாதத்தோடு நான் வேலையை விடுகிறேன். முழங்கால் இரண்டும் எனக்கு முன்னமே விட்டுவிட்டன. போகும்போது புதிதாக வந்தவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகச் சொல்லி முதலாளி கேட்டாள். முதலாளி என்றால் வசந்தி, என் அண்ணனின் மகள். மண் பிசைவது, சக்கரத்தில் கை வைப்பது, சூளை அடுக்குவது எல்லாவற்றையும் அவளே உங்களுக்குப் பழக்கிவிட்டாள். அதில் எனக்குச் சொல்ல மிச்சம் எதுவும் இல்லை. அதனால் இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். சொல்லலாமா என்று அவளிடம் கேட்டேன். "சொல்லுங்க மாமி. என்ட பங்கையும் சேத்துச் சொல்லுங்க" என்றாள்.

என் பெயர் கனகம். உங்களில் பலருக்கு இது இப்போதுதான் தெரிந்திருக்கும். நீங்கள் மாமி என்கிறீர்கள், சட்டி வாங்க வருகிற தயிர்க்காரர்கள் அக்கா என்கிறார்கள், லொறிக்காரர் அம்மா என்கிறார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் புஷ்பம். வசந்தியின் அம்மா, என் அண்ணனின் மனைவி, முறைக்கு மச்சாள். ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அண்ணனைக் கட்டிய பிறகும் அவளுக்கு நான் கனகம்தான். இடக்கைக்காரி. வாயும் கையும் ஒரே வேகத்தில் போகும். நான் ஒரு சட்டி இறக்கும் நேரத்தில் அவள் இரண்டு இறக்கிவிட்டு என்னைப் பார்த்து நக்கலடிப்பாள்.

அந்தக் காலத்தில் மண் எடுக்க நாங்களேதான் சாகாமக் குளத்துக்குப் போவோம். கோடையில் குளம் வற்றிக் கிடக்கும்போது, வயல் செய்கிற கமக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, ஒதுக்குப்புறமாக வெட்டுவோம். எங்களை முதன்முதல் கூட்டிப் போனவ மண் வேலையில் பழுத்தவ. பெயர் சொல்லமாட்டேன், அவவின் பிள்ளைகள் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். விரலில் ஒட்டிய மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தே எந்தச் சட்டிக்கு ஆகும் என்று சொல்லிவிடுவா. அவவிடம் நாங்கள் கற்றவை எத்தனையோ. அவற்றில் ஒன்று இது: உச்சிப்பொழுதில் குளத்துக்குள் நிற்கும்போது ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. ஆள் வேண்டுமென்றால் 'கூ' என்று நீட்டிக் கூக் காட்டவேண்டும். அதையும் மீறி உன் பெயர் கேட்டால் வாய் திறக்காதே, எண்ணு. மனிசர் என்றால் மூன்று தரம் கூப்பிடுவார்கள். மனிசர் இல்லாத மற்றது இரண்டோடு நின்றுவிடும். இரண்டாவதுக்குள் ஓம் சொன்னவளை அது கொண்டுபோய்விடும். கூட இருக்கிறவளின் குரலிலேயேதான் அது கூப்பிடும்.

நீங்கள் சிரிக்கலாம். நாங்கள் சிரிக்கவில்லை. வற்றிய குளத்தில் உச்சி வெயிலில் தனியே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்று அசையாது. வெடித்த சேற்றுப் பாளங்கள் காயும்போது காலுக்குக் கீழே சின்னச் சின்னதாகச் சத்தம் போடும். கொக்குகள் காரணமில்லாமல் ஒன்றாக எழுந்து, ஒன்றாக இருக்கும். அந்த நேரத்தில் பெயர் கேட்டால் முதுகில் ஒரு குளிர் இறங்கும். லொறியோடு வருகிற முஸ்லிம் அண்ணன்மார், எங்கள் காக்காமாரும் அந்த நேரத்தில் குளத்துக்குள் இறங்க விரும்பமாட்டார்கள். அவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

புஷ்பம் போன அன்றும் உச்சிப்பொழுதுதான். லொறி ஒரு நடை மண்ணோடு போயிருந்தது. பள்ளிக்கூட விடுமுறை என்று பன்னிரண்டு வயது வசந்தியும் எங்களோடு வந்திருந்தாள். சாப்பாட்டுப் பெட்டியைக் காத்துக்கொண்டு குளக்கட்டில் மருத மரத்தின் கீழ் இருந்தாள். நான் எருக்கலைச் செடிப் பற்றைக்கு இந்தப் பக்கம் இருந்து, வெட்டிக் குவித்த மண்ணில் வேர் பொறுக்கினேன். புஷ்பம் அந்தப் பக்கம் பள்ளத்துக்குள் நின்றாள். மேல் மண் இளக்கமானது, கீழ் மண்தான் தயிர்ச் சட்டிக்கு நல்லது. மேலே இருப்பதை வெட்டி எறியப் பஞ்சிப்பட்டு, உடம்பு நோகாமல் கீழே குடைந்து எடுப்பது எல்லாரும் செய்கிற வேலை. நானும் செய்திருக்கிறேன். அன்று அவள் குடைந்துகொண்டிருந்தாள்.

"கனகம்" என்று கேட்டது.

அவளுடைய குரல்தான். ஆனால் அவள் குளத்துக்குள் ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை. எப்போதும் கூக் காட்டுவாள். ஒன்று என்று எண்ணினேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் "கனகம்" என்று கேட்டது, முதலாவதைவிடத் தாழ்ந்த குரலில். இரண்டு என்று எண்ணினேன். மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். வாயில் இருந்த வெற்றிலையை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. மூன்றாவது வரவில்லை. 'நல்லவேளை, வாய் திறக்கல்ல' என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படி நினைத்தேன், பிள்ளைகளே. நிம்மதியாகத் துப்பிவிட்டுத் திரும்ப வேர் பொறுக்கினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பற்றைக்கு அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பள்ளத்தின் மேல்விளிம்பு முழுதாக இறங்கிக் கிடந்தது. கையால் கிளறினேன், நகம் பிய்யக் கிளறினேன். முகம் வெளியே வந்தபோது அவளிடம் உயிர் இல்லை. நீட்டிக் கூக் காட்ட ஒரு மூச்சு வேண்டும். நெஞ்சளவுக்கு மண் ஏறினவளுக்கு அது இருக்கவில்லை. பெயரைத்தான் சொல்ல முடிந்திருக்கிறது.

வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்டார்கள். "சத்தம் ஏதும் கேட்டிச்சா?" நான் இல்லை என்றேன். அண்ணன் கேட்டார், இல்லை என்றேன். மருத மரத்தின் கீழ் இருந்த பிள்ளையிடமும் கேட்டார்கள். நித்திரையாகிப் போனேன் என்று சொன்னாள். மண் இறங்கின உடனேயே உயிர் போயிருக்கும், ஒரு வார்த்தை பேச நேரம் இருந்திருக்காது என்று ஊரே சொல்லி ஆறுதல்பட்டது. அந்த ஆறுதலைக் கெடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

பிறகு பதினேழு வருசம் நான் மண் தொடவில்லை. கல்முனையில் ஒரு புடவைக் கடையில் துணி விரித்துக் காட்டி, வாங்காமல் போனால் திரும்ப மடித்து வைத்தேன். பெருநாள் காலத்தில் கடை நிறைந்து வழியும். யாராவது யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் நான் கையில் இருக்கிற துணியை விட்டுவிட்டு எண்ணத் தொடங்குவேன். கடைக்காரர் நல்ல மனிசர். காது மந்தம் என்று நினைத்துக்கொண்டார்.

அண்ணன் நோயில் போனபின் வசந்தி அம்மாவின் ஆட்களோடு திருக்கோவில் பக்கம் வளர்ந்தாள். ஒருநாள் கடைக்குள் வந்து என் முன்னால் நின்றாள். அதே நெற்றி, அதே வேக நடை.

"மாமி, சட்டித் தொழில் தொடங்கி இரிக்கன். தயிர்க்காரர் கேக்கிற அளவுக்குச் செய்ய ஆளில்ல. நீங்க வாங்க."

"எனக்குக் கை மறந்து போச்சு புள்ள."

"கை மறந்தா என்ன, மண் மறக்காதே. வாங்க மாமி."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? போனேன். நீண்ட இடைவெளிக்குப் பிறகு தொழிலுக்குத் திரும்பி வருகிறவர்கள் கை நடுங்கும், இடுப்பு வலிக்கும் என்றுதான் பயப்படுவார்கள். இடுப்பு பத்து நாளில் பழகிவிடும். விட்டுப்போன இடத்தில் நம்மைக் காத்துக்கொண்டு நிற்பது வேறு.

முதல் நாளே தொடங்கியது. சக்கரத்திலிருந்து எடுத்த சட்டிகளின் திறந்த அடியை நான் பலகையால் தட்டிக் கூட்டி மூடி வரிசையாக வைத்தேன். வசந்தி வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"மாமி, நீங்க இடக்கையா?"

"இல்லயே. ஏன் கேக்கிறா?"

"அடி எல்லாம் இடப்பக்கம் சாஞ்சு கிடக்கு. அம்மாட சட்டியிலதான் இப்பிடி இரிக்கும்."

நான் குனிந்து பார்த்தேன். புஷ்பத்தின் அடிதான். நான் தட்டிய சட்டியில், இன்னும் ஈரம் காயாத மண்ணில், அவளுடைய கை. அன்று வேறு சட்டி தட்டவில்லை. தலை இடிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்தேன். அடுத்த நாள் தட்டியதும் அப்படியே சாய்ந்தது, அதற்கு அடுத்த நாள் தட்டியதும் அப்படியே. நாலாம் நாள்தான் பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தோன்றியது. வசந்தி வீட்டுச் சாக்கிலிருந்து எடுத்து வந்த பழைய பலகை. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. இடக்கைக்காரி வருசக்கணக்காகத் தட்டித் தேய்த்த விளிம்பு. வலக்கையால் பிடித்தாலும் அது அவள் தட்டியபடியே போய் விழுந்திருக்கிறது. கருவியை எடுத்தால் அது யார் கையில் தேய்ந்தது என்று பார்த்துவிட்டு எடுங்கள். எனக்குப் பாதிப் பயம் போனது. மிச்சப் பாதிக்கு நான் வேறு பலகை வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது வெடிப்பு. சூளையிலிருந்து எடுக்கும்போது சட்டிகளில் ஒரு குறையும் இருக்காது. தட்டினால் நல்ல சத்தம் வரும். கொட்டிலில் அடுக்கி வைத்து இரண்டு மூன்று நாள் போனதும், ஒருவரும் கிட்டப் போகாத நேரத்தில், 'டிக்' என்று கேட்கும். சட்டியின் விலாவிலிருந்து நகத்தளவு சில்லு ஒன்று தெறித்து நிலத்தில் விழும். கொஞ்ச நேரத்தில் கொட்டிலின் மற்றப் பக்கத்தில் இன்னொரு 'டிக்'. பட்டப்பகலில் உள்ளே போய் நின்றால், சுற்றிவர அடுக்கிய சட்டிகள் தங்களுக்குள் கதைப்பது போல இருக்கும். வேலைக்கு வந்த ஒரு பிள்ளை பயந்து நின்றுவிட்டாள். வசந்தி கோயிலில் இருந்து விபூதி கொண்டுவந்து நாலு மூலையிலும் போட்டாள். மண் ஏற்றி வருகிற ஜவ்பர், அட்டாளைச்சேனை ஆள், தன் பங்குக்கு, "தங்கச்சி, வேணுமெண்டா எங்கட பள்ளிவாசல் ஆலிம்ட்டச் சொல்லி ஓதின தண்ணி எடுத்துத் தாறன், தெளிச்சுப் பாருங்க" என்றார். அதையும் தெளித்தோம். சட்டிகள் யாரையும் மதிக்கவில்லை.

எனக்கு முதல் சில்லைக் கையில் எடுத்தபோதே காரணம் தெரியும். சில்லின் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. சிப்பி. வசந்தி எடுப்பித்தது கடலோரத்து உப்புத் தண்ணீர்க் களப்புப் பக்கத்து மண். அதில் சிப்பித் தூள் கலந்திருக்கும். சூளையில் வெந்து சுண்ணாம்பாகி, பிறகு காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து வீங்கி வெடிக்கும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சிப்பி இல்லாத மண் வேண்டும், அது எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அங்கே போகவேண்டி வரும். அதனால் மூன்று கிழமை வாய் திறக்கவில்லை. தெரிந்ததைத் தெரியாது என்று இருப்பதில் எனக்குத்தான் நல்ல பழக்கம் இருந்ததே.

கடைசியில் தயிர்க்காரர் ஒருவர் நேரில் வந்தார். கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "புள்ள, தயிருக்குள்ள சட்டிச் சில்லு கிடந்தெண்டு ஆக்கள் கொண்டுவந்து காட்டுறாங்க. சின்னப் புள்ளைகள் சாப்பிடுற சாமான். இன்னொருக்கா இப்பிடி வந்தா நான் பிளாஸ்டிக் கோப்பைக்கு மாறிருவன். குறை நினைக்காதீங்க." அவர் போன பிறகு வசந்தி சூளையின் முன்னால் குந்தி இருந்தாள். முகத்தை மூடவில்லை, அழவும் இல்லை, சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டு இருந்தாள். தாயை இழந்த பிள்ளை தன் கையால் கட்டிய தொழிலையும் என் வாய் திறக்காததால் இழக்கப்போகிறது என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் போய் இருந்தேன்.

"மண்தான் பிழை. சாகாமத்து மண் எடுக்கவேணும்."

"ஓம்" என்றாள். அவ்வளவுதான். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. அது எனக்கு வியப்பாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

ஜவ்பரின் லொறியில் விடியற்காலையில் புறப்பட்டோம். நான், வசந்தி, அவர், மூன்று பேர்தான். குளம் வற்றித்தான் கிடந்தது. கமக்காரர்களிடம் சொல்லிவிட்டு, பழைய இடத்திலிருந்து தள்ளி, வேறு இடத்தில் வெட்டத் தொடங்கினோம். மேல் மண்ணை முழுக்க எடுத்துவிட்டு, படி படியாக. குடையக்கூடாது என்று நான் வசந்தியிடம் சொல்ல வாய் எடுத்தேன். அதற்கு முன்னமே அவள் அப்படித்தான் வெட்டினாள். பழைய பள்ளம் எனக்குப் பின்பக்கம் இருந்தது. இத்தனை வருச மழையில் தூர்ந்து, புல் முளைத்த ஒரு தாழ்வு மட்டும்தான் மிச்சம். எருக்கலைப் பற்றை இன்னும் பெரிதாகியிருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் வேர் பொறுக்கினேன்.

வெயில் உச்சிக்கு வந்தது. "லுஹர் நேரமாப் போச்சு, தொழுதுட்டு வாறன்" என்று ஜவ்பர் குளக்கட்டுக்கு ஏறிப் போனார். வசந்தி எனக்கு முன்னால் வெட்டுக்குள் நின்றாள். மண்வெட்டி ஏறி இறங்குவதும் அவளுடைய தலையும் எனக்கு நன்றாகத் தெரிந்தன. காற்று நின்றது. தூரத்தில் கொக்குகள் ஒன்றாக எழுந்தன.

"கனகம்."

என் பின்பக்கத்தில் இருந்து வந்தது. நிலத்தோடு ஒட்டி, தாழ்ந்து. சத்தமாக இல்லை, ஆனால் தெளிவாக. என்னை அந்தப் பெயரால் கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்தரும் மிச்சமில்லை. முன்னால் நின்றவளுக்கு நான் மாமி, குளக்கட்டில் நின்றவருக்கு என் பெயரே தெரியாது.

மனம் தானாக 'ஒன்று' என்றது. பதினேழு வருசம் புடவைக் கடையில் நின்றும் நான் நிறுத்தாத அதே எண்ணிக்கை. பிள்ளைகளே, நெருக்கடி வரும்போது யோசித்து முடிவெடுங்கள் என்று எல்லாரும் உங்களுக்குச் சொல்வார்கள். எனக்கு யோசிக்க ஒரு நொடிதான் இருந்தது. அந்த நொடியில் நான் நினைத்தது இதுதான்: அது மனிசர் இல்லை என்றால் என்னைக் கொண்டுபோகட்டும். மனிசர் என்றால் இந்த முறை நான் இருக்கவேண்டும்.

"ஓம்!" என்று கத்தினேன். "ஓம் புஷ்பம், வாறன்! இந்தா வாறன்!"

பற்றையைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். முழங்கால் அன்றைக்கு ஓடியது. பழைய பள்ளத்தில் ஒருவரும் இல்லை. புல், காய்ந்த எருமைச் சாணம், வெயில். குந்தி, நிலத்தில் கையை வைத்தேன். சுற்றிவர எல்லாம் கொதிக்கும்போது அந்த இடம் மட்டும் குளிர்ந்து, ஈரமாக இருந்தது. தாழ்ந்த இடத்தில் ஈரம் தங்கும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கையை எடுக்கவில்லை. என்னை ஒன்றும் கொண்டுபோகவில்லை.

தொப்பியைக் கழற்றாமலே ஜவ்பர் குளக்கட்டிலிருந்து ஓடிவந்தார். மூச்சு வாங்க, "என்னம்மா, ஆருக்கும் என்னவும் ஆச்சா? ஆரு கனகம்?" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். "அந்தப் பேர் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டிச்சே. நான் தொழுகையில நிண்டன், அதால திரும்ப ஏலாது. கனகம் எண்டு ஒரு பொம்புளக் குரல். வசந்தித் தங்கச்சிதான் ஆரையோ கூப்பிடுறா எண்டு நினைச்சன். மறுகா நீங்க கத்தினது கேட்டிச்சு."

வசந்தி அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். கையில் மண்வெட்டி. "நான் கூப்பிடல்ல" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மாவுக்கா மாமி ஓம் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

அதற்கு மேல் என்னால் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்தப் பள்ளத்தில் குந்தியபடியே சொன்னேன். "உன்ட அம்மா அண்டைக்கு என்னைக் கூப்பிட்டவ. ரெண்டு தரம். எனக்குக் கேட்டது. கேட்டுட்டு இரிந்தன். மூண்டாவதும் வரட்டும் எண்டு எண்ணிக்கிட்டு இரிந்தன். கேக்கல்ல எண்டு எல்லாருக்கும் பொய் சொன்னன். உன்ட அப்பாட முகத்தப் பாத்துப் பொய் சொன்னன். நான் ஓடி வந்திருந்தா அவ இரிந்திருப்பா, வசந்தி."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என்னை அடித்தாலும், அங்கேயே விட்டுவிட்டு லொறியில் ஏறிப் போனாலும் நியாயம்தான் என்று இருந்தேன். ஜவ்பர் நாலடி தள்ளிப் போய் நின்றார். வசந்தி மண்வெட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. என் முன்னால் வந்து குந்தினாள்.

"நான் அண்டைக்கு நித்திரை இல்ல மாமி."

எனக்கு விளங்கவில்லை.

"மரத்தடியில முழிச்சுத்தான் இரிந்தன். ரெண்டு தரம் உங்களக் கூப்பிட்டது எனக்கும் கேட்டிச்சு. குளக்கட்டில இரிந்து உங்களப் பாத்தன். நீங்க அசையல்ல. நீங்க அசையாட்டி அது அம்மா இல்ல எண்டு நினைச்சன். மறுகா மூண்டாவதும் கூப்பிட்டா."

"மூண்டாவது எனக்குக் கேக்கல்லயே புள்ள. நான் காதக் குடுத்துக்கிட்டுத்தானே இரிந்தன்."

"மெல்லமாத்தான் கூப்பிட்டா. அந்த நேரத்தில ஒரு காத்து என்ட பக்கம் அடிச்சது. உங்கட பேர் இல்ல மாமி. வசந்தி எண்டு கூப்பிட்டா. என்ட பேர் அதுதானே முதல் தரம். நான் ஒண்டு எண்டு எண்ணினன். இன்னும் ரெண்டு தரம் கூப்பிடட்டும் எண்டு இரிந்தன்."

எனக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம். அந்தச் சட்டத்தை எங்களுக்குச் சொன்னவ மேல் வந்தது, அதை நம்பிய என்மேல் அதைவிடக் கூட வந்தது. ஏனென்றால் புஷ்பம் போன அன்று காலை லொறியில் வரும்போது அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, உச்சிப்பொழுதில் பெயர் கேட்டால் எண்ணவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். அவள் கெட்டிக்காரி, ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பதினேழு வருசம் அதைத் தனியே சுமந்திருக்கிறது, நான் புடவை மடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே பொய்யை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அவளை இழுத்து என்னோடு சேர்த்து அணைத்தேன். என் கையில் இருந்த சேறு அவளுடைய சட்டையெல்லாம் பட்டது.

அவள் என் கையை விலக்கிக்கொண்டு, அந்தக் குளிர்ந்த இடத்தில் தன் இடக்கையை வைத்தாள். "ஓம் அம்மா" என்றாள். பிறகு கொஞ்சம் சத்தமாக, "ஓம் அம்மா, இஞ்சதான் இரிக்கன்" என்றாள். ஒரு பதிலும் வரவில்லை. ஜவ்பர் குளக்கட்டில் ஏறி லொறியை இயக்கும்வரை அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் பட்டறைக்கு வந்ததும், முதல் கூப்பாட்டுக்கே ஓம் சொல்லவேண்டும் என்று சட்டம் போட்டவளும் அவள்தான்.